என்னைத் தாண்டிப் போனார்

போன வருடம் வெசாக் பண்டிகையன்று, பொது மன்னிப்பில் என் கணவர் சிறையிலிருந்து விடுதலையாகி வந்தார். எஹலியகொடைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள் இருக்கும் எங்கள் லயத்து வாசலில் நடந்தது இது.

அவர் ஆட்டோ ஓட்டியவர். சில வருடங்களுக்கு முன் குடித்துவிட்டு, கொட்டுகிற மழையில், தோட்டத்து வளைவில் ஆட்டோவைப் பள்ளத்தில் விட்டார். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயே உயிரை விட்டார். என் கணவர் அவரை 'அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் கோர்ட்டில் ஏறி, அண்ணன் ஹேண்டிலைப் பிடித்து இழுத்ததால்தான் கவிழ்ந்தது என்று சொன்னார். நீதிபதி நம்பவில்லை, தண்டனை கிடைத்தது. ஆனால் தோட்டத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். "உங்கப்பன்தானே ஆட்டோவக் கவுத்தது" என்று அண்ணனின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் அம்மாவை நான் அக்கா என்பேன். ரப்பர் பால் வெட்ட இருவரும் சேர்ந்துதான் மலையேறுவோம். சீனி தீர்ந்தால் கேட்காமலே அவள் டப்பாவில் கை விடுவேன். அவ்வளவு உரிமை. கேஸுக்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் இல்லாத வீட்டைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டேன். அடுத்த வீட்டில் இருந்துகொண்டே அவள் பேசாமல் இருப்பதுதான் என்னை அரித்தது.

சிறையிலிருந்து வருகிறவருக்கு ஆரத்தி எடுத்துத்தானே வீட்டுக்குள் விடுவோம்? நானும் தட்டோடு காலையிலிருந்தே வாசலில் நின்றேன். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர் படியேறி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய், அக்கா வீட்டு வாசலில் நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைக் கீழே போட்டிருப்பேன். இத்தனை வருடம் காத்திருந்தவள் நான்தானே.

அக்கா கதவருகே வந்தாள்.

"அண்ணே ஹேண்டிலத் தொடவே இல்லங்க அண்ணி," என்றார் அவர், லயமே கேட்கும்படி. "மெதுவாப் போ, மெதுவாப் போன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தாரு. குடிச்சது நானு. கோர்ட்ல சொன்னது பொய்யுங்க."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை.

"புள்ளைங்க உள்ள இருக்குதுங்க. அதுங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆரத்தி எடுத்தேன்.

மன்னிப்பு ஏன் கேட்கவில்லை என்று பிறகு கேட்டேன். "கேட்டா அவங்க பதில் சொல்லணுமேம்மா. அந்தப் பாரத்தையும் எதுக்கு அவங்க தலையில ஏத்துறது?" என்றார்.

இப்போது அவர் ஆட்டோவைத் தொடுவதில்லை. தோட்டத்தில் அன்றன்றைக்குக் கூலி வாங்கிக் கைக்காசுக்கு வேலை செய்கிறார். அண்ணனைப் பற்றி யாராவது பழையபடி பேசினால், தானே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறார். பிள்ளைகளை யாரும் கேலி செய்வதில்லை. அக்கா மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. விடியற்காலையில் எனக்கு முன்னால் தனியாக மலையேறுகிறாள். அவளை நெருக்கக் கூடாது என்று நானும் நடையைக் குறைத்துக்கொள்கிறேன். பேசச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று புரிகிறது. ஆனாலும் முன்போல 'அடியே, வாடி' என்று ஒரே ஒரு தடவை திரும்பிக் கூப்பிட மாட்டாளா என்று தினமும் மனசு கிடந்து ஏங்குகிறது.