"ஜெபம் பண்ணுங்க" என்றார் அபூனா

பகூம் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். பாவசங்கீர்த்தனத்துக்கு எங்கள் தேவாலயத்துப் பாதிரியாரிடமே போனான். போனவன் சும்மா இராமல் உண்மையைச் சொன்னான்.

எங்கள் ஊரான மின்யாவில் பிறந்து வளர்ந்த எந்தக் கிறிஸ்தவப் பையனும் இப்படிச் செய்யமாட்டான். பாதிரியாரை நாங்கள் அபூனா என்போம். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு அபூனாக்கள் வேண்டும். ஒருவர் ஊருக்குள் இருப்பவர். பெண் வீட்டார் வந்து "பையன் எப்படி?" என்று விசாரிப்பது இவரிடம்தான். அதனால் இவரைக் கண்டதும் கையை முத்தமிட வேண்டும், கூட்டம் முடிந்தால் நாற்காலிகளை அடுக்கிக் கொடுக்க வேண்டும், பண்டிகைக்கு முதல் ஆளாகப் போய் வாழ்த்துச் சொல்ல வேண்டும். இன்னொருவர் தூரத்தில், பாலைவனத்து மடத்தில் இருப்பவர். பாவங்களை அவர் காதில் போட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வாய்த்தவர் எண்பது தாண்டிய துறவி, காது அறவே கேட்காது. நாம் சொல்லி முடித்ததும் சிலுவையைத் தலையில் வைத்து, "இனிமே செய்யாதே" என்பார். எதைச் செய்யக் கூடாது என்று அவருக்குத் தெரியாது. வருடத்துக்கு இரண்டு தடவை பஸ் பிடித்துப் போய், மடத்து ரொட்டியும் தின்றுவிட்டு, சுத்தமாகத் திரும்பி வருவோம்.

விசாரிக்க வரும் பெண் வீட்டாருக்கு எங்கள் அபூனா லூகாஸ் இரண்டில் ஒரு பதில்தான் சொல்வார். பையன் பரவாயில்லை என்றால், "நம்ம பிள்ளை, தங்கம்." அவ்வளவுதான், கடைக்குப் போய் மோதிரம் பார்க்கலாம். மற்றது, "ஜெபம் பண்ணுங்க." இதைக் கேட்டுவிட்டு எந்தப் பெண்ணின் தகப்பனும் ஜெபம் பண்ண வீட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. வேறு பையன் பார்க்கத்தான் போவான்.

பகூமுக்கு அப்போது இருபத்தேழு வயது. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. நாளெல்லாம் மாணவர்களின் நோட்ஸை நகலெடுத்து நகலெடுத்து விரல் நுனி கறுத்திருக்கும். ஒல்லி உடம்பு. அந்த உடம்பில் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆறு வயதிலிருந்து ஷம்மாஸ். வெள்ளை அங்கி போட்டுப் பீடத்தருகே நின்று, கைத்தாளம் தட்டிப் பாடுகிறவர்களுக்கு அவன்தான் தலைவன். பெரிய வெள்ளியன்று அவன் பாடினால் எங்கள் கடைத்தெருவின் கஞ்சர்கள்கூடக் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

அவன் அம்மா மூன்று வருடம் டயாலிசிஸில் கிடந்து இறந்தாள். ஒவ்வொரு தடவையும் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சங்கீதம் வாசித்தவன் இவன். நாற்பதாம் நாள் பூசையிலும் இவனே பாடினான், குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. எல்லோரும் விசுவாசம் என்றார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் அபூனாவிடம் போய் உட்கார்ந்தான்.

தேவாலய முற்றத்தில் பிங்பாங் மேஜை ஒன்று உண்டு. நாங்கள் மூன்று பேரும் மாலையானால் அங்கேதான்: நான், பகூம், ரஃப்லா. நான் வகீஹ், மாமாவின் குழாய்க்கடையில் இருக்கிறேன். ரஃப்லா மருந்துக்கடையில் இருந்துகொண்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாததையெல்லாம் விற்பவன். ஆட்டத்துக்கு நடுவில் பகூம் தானாகவே சொன்னான்.

"அபூனாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா."

"எல்லாத்தையும்னா?" என்றான் ரஃப்லா.

"உள்ளதை. மெழுகுவத்தி பிடிச்சு நிக்கிறேன், பாடுறேன், ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. அம்மா போனதுலேர்ந்து ஒரு ஜெபம் பண்ண முடியல. வாய் மட்டும் அசையுது. கடவுள் இருக்காரான்னே தெரியலன்னு சொன்னேன்."

ரஃப்லா பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டான். "இதை நம்ம அபூனாகிட்டயா சொன்னே?"

"வேற யார்கிட்ட சொல்றது?"

"அப்புறம் அந்தச் செவிட்டுச் சாமி எதுக்குடா இருக்காரு, கழுதை? பொம்பள, ஹஷீஷ்னு ஏதாவது சொல்லியிருந்தாக்கூட இளவட்டம்னு விட்டிருப்பாரு. ஒரு ஷம்மாஸ் போய்ச் சாமியே இல்லன்னா அவர் என்ன பண்ணுவாரு?"

"இல்லன்னு சொல்லல. தெரியலன்னு சொன்னேன்."

"ஆமா, ரொம்ப வித்தியாசம்."

"அபூனா என்ன சொன்னார்?" என்று நான் கேட்டேன்.

"அழுதார்டா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். மறைக்காம வந்து சொன்னியேன்னார்."

ரஃப்லா சிரித்தான். நானும் சிரித்தேன். பகூம் மட்டும் ஏதோ பாரம் இறங்கியவன் மாதிரி அன்று ஒழுங்காக ஆடி எங்கள் இருவரையும் தோற்கடித்தான்.

அவனுக்கு வெரோனியாவைக் கட்ட ஆசை. தேவாலயத்தின் நர்சரிப் பள்ளியில் டீச்சர் அவள். பண்டிகைக்குக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருவான். பாட்டு முடிந்த பிறகும் அங்கேயே நிற்பான். அவளும் கிளம்பச் சொல்லமாட்டாள். இது முற்றத்தில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரருக்கே தெரியும். அந்த அக்டோபரில் பகூமின் அப்பா ஒரு பெட்டி பஸ்பூசா இனிப்பு வாங்கிக்கொண்டு பெண் கேட்கப் போனார். அவள் அப்பா எல்லாப் பெண்ணப்பன்களும் சொல்வதைத்தான் சொன்னார்: விசாரிக்கிறோம், சொல்லி அனுப்புகிறோம்.

இரண்டு நாள் கழித்து வெரோனியாவின் அண்ணன் நாஷித் என் கடைக்கு வந்தான். ஒரு குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாங்க வரவில்லை என்று தெரிந்தது.

"பகூம் எப்படி?" என்றான். "நீ அவன்கூடவே திரியறவன். உனக்குத் தெரியாததா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என்னைவிட யோக்கியன், கண்ணை மூடிக்கொண்டு கொடு என்று சொல்லியிருக்கலாம். நாஷித் என் பேச்சை மதிப்பவன். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போயிருப்பான்.

"என்னைக் கேக்குறே? நான் சிநேகிதன், நல்லாத்தான் சொல்வேன்" என்றேன். "அபூனாவைப் போய்க் கேளு. அவருக்குத்தான் அவன் மனசு தெரியும்."

எனக்கும் அவள்மேல் ஒரு கண் இருக்கிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இருந்தது. பிங்பாங் மேஜையில் அவன் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. தெரிந்தேதான் அனுப்பினேன்.

அபூனா, "ஜெபம் பண்ணுங்க" என்றார்.

பஸ்பூசாப் பெட்டி பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. பகூம் கடையை அப்படியே போட்டுவிட்டு அபூனாவிடம் போனான். அங்கே நடந்ததை அன்று மாலையே தஅமியா வடைக் கடை வாசலில் நின்று எங்களிடம் சொன்னான். கையில் வாங்கிய ரொட்டியைக் கடிக்கவே இல்லை.

"என்னைப் பத்தி என்ன சொன்னீங்க அபூனான்னு கேட்டேன். 'உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல மகனே, நீ சொன்னது என்னோட சாகும்'ன்னார்."

"அப்புறம்?"

"அதான், ஒரு வார்த்தை சொல்லலியே அபூனா, அதனாலதான் போச்சுன்னேன். 'பையன் விசுவாசத்துல உறுதியான்னு கேட்டாங்க. ஆமான்னா பொய், இல்லன்னா துரோகம். நான் என்னதான் சொல்ல?'ன்னு என்னையே கேக்குறார்டா."

ரஃப்லா எதற்கும் சிரிப்பவன், அன்று சிரிக்கவில்லை. அவனுக்குப் போன வருடம்தான் "தங்கம்" கிடைத்து, மல்லவியில் பெண் எடுத்திருந்தான்.

"ரஃப்லாவுக்கு மட்டும் தங்கம்னீங்களேன்னு கேட்டேன்" என்றான் பகூம். "கோவிச்சுக்காதடா. 'ரஃப்லா என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லையே'ன்னார்."

எங்கள் ஊரில் பேசாமல் இருந்தால் அதற்கும் பொருள் உண்டு, அந்தப் பொருளை நிரப்ப ஆட்களுக்கும் குறைவில்லை. அபூனாவே வாயைத் திறக்கவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று கேட்டார்கள் பெண்கள். பல்கலைக்கழகத்தில் எவளோடோ தொடர்பாம், இல்லை, ஹஷீஷாம், இல்லை, வலிப்பு வியாதியை மறைக்கிறார்களாம். பெற்ற தகப்பனே அவனைக் கூடத்தில் உட்கார வைத்து, "என்னடா செஞ்சே, எங்கிட்டயாவது சொல்லு" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றான். நம்பவில்லை.

வெரோனியாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். "இவ்வளவுதானா?" என்று கேட்டாளாம். கேட்டுவிட்டு அழுதாளாம். ஆனால் அவள் அப்பா அபூனாவின் பேச்சைத் தாண்டாதவர். உண்மையைச் சொன்னால் தாண்டுவாரா? சாமி இருக்கிறாரா தெரியவில்லை என்பவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதைவிட வலிப்புக்காரனுக்கே கொடுத்துவிடுவார்.

அதற்குப் பிறகு பகூம் யாரிடமும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. செய்யாதவன் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கக் கூடாது. பொய்யாக ஒன்றைச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளலாம், நாங்களெல்லாம் வாங்கவில்லையா? அவனுக்கு அது வரவில்லை. ஞாயிறுதோறும் வெள்ளை அங்கியோடு பாடிக்கொண்டு நிற்பான். எல்லோரும் வரிசையில் போவார்கள், அவன் போகமாட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து அத்தனை கண்ணும் அவன்மேல் இருக்கும். பார்த்தாயா, அபூனா சும்மாவா அப்படிச் சொன்னார் என்று தலையாட்டிக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லி என்ன, அந்த வரிசையில் நானும் போனேன்.

மறு வருடம் கோடையில் என் அம்மா வெரோனியா வீட்டுக்குப் போனாள். நான்தான் அனுப்பினேன். அம்மாவாகவே போனாள், சொந்தக்காரர்கள் வற்புறுத்தினார்கள் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். என்னைப் பற்றி விசாரித்தார்கள். நாற்காலி அடுக்கியதும் சுற்றுலா பஸ்ஸில் சாண்ட்விச் பங்கிட்டதும் தவிர என்னைப் பற்றி எதுவும் தெரியாத அபூனா, "நம்ம பிள்ளை, தங்கம்" என்றார். வெரோனியா சம்மதித்தாள். அது எப்படிப்பட்ட சம்மதம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பகூமிடம் நானே போய்ச் சொன்னேன். ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாள்களை எடுத்துத் தட்டிச் சீராக்கி, ஸ்டேப்ளர் போட்டு முடித்த பிறகே நிமிர்ந்தான்.

"மப்ரூக்" என்று வாழ்த்தினான். "அவளுக்குக் காலையில டீ குடிக்காம யாரும் பேசினா பிடிக்காது. ஞாபகம் வெச்சுக்கோ."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம். முந்தின நாள் மாலை மாப்பிள்ளையும் பெண்ணும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், அதுவும் மடத்துக்கெல்லாம் போக நேரமில்லை, எங்கள் அபூனாவிடமே. அவள் முடித்துவிட்டு வெளியே போனாள். நான் உள்ளே போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது, ஒன்றே ஒன்று. குழாய்க்கடையில் நாஷிதிடம் சொன்ன அந்த வார்த்தை. நாக்கு வரை வந்துவிட்டது.

"சொல்லு மகனே" என்றார் அபூனா. அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடுவேனோ என்று பயந்துபோயிருந்தார். ஒருவன் சொன்னதையே இன்னும் சுமந்துகொண்டிருக்கிறவர் அவர்.

"பெரிய நோன்புல ரெண்டு தடவை சீஸ் சாப்பிட்டேன் அபூனா. அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

பெருமூச்சு விட்டார். சிலுவையை என் தலையில் வைத்து மன்னிப்பு ஜெபத்தைச் சொன்னார். என் தோளைத் தட்டி, நாளைக்கு நேரத்தோடு வரச் சொன்னார்.

வெளியே முற்றத்தில் பகூம் கைத்தாளத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஊர்வலத்துக்கு அவன்தான் பாட வேண்டும், அந்தக் குரல் வேறு யாருக்கும் கிடையாது. அபூனாவே கூப்பிட்டுக் கேட்டிருந்தார், சரி என்றிருந்தான். என்னைப் பார்த்ததும் பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்தான்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றான்.

"முடிஞ்சிருச்சு."

மறுபடி துடைக்கத் தொடங்கினான்.

"எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சுடா."