பாதிச் சவரமும் பழைய வீரனும்

மலாயாவில், லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருந்தவரை நினைத்தால், இன்றும் என் கை தானாகத் தொண்டையைத் தடவிக்கொள்கிறது. ஆள் ஒல்லி, மீசை மட்டும் தடிமன். பேசும்போது சவரக் கத்தியைக் காற்றில் வீசிக் காட்டுவது அவர் பழக்கம். குளிர்காய்ச்சலில் மாதக்கணக்காகப் படுத்துவிட்டு, அப்போதுதான் கடையை மறுபடி திறந்திருந்தார்.

அன்று என் இடது கன்னத்தை வழித்து முடித்திருந்தார். சண்டையை விட்டு ஒதுங்கியிருந்த கனத்த குத்துச்சண்டை வீரன் ஒருவன், சிங்கப்பூரில் மறுபடி இறங்கி ஜெயித்ததுதான் ஊரெங்கும் பேச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஜெயிச்சான், சரி. ஆனா கை பழைய கை இல்லண்ணே. அவன் காலம் முடிஞ்சு போச்சு."

கத்தி என் தொண்டைக்கு மேலே நின்றது.

"நீ போய்ப் பாத்தியா?"

"ஊர்ல பேசிக்கிறாங்க..."

"ஊரு! படுத்தவன் எந்திரிக்கக் கூடாது, அதானே ஊருக்கு? என்னை விட்டுட்டுச் சீனர் கடைக்குப் போறவனெல்லாம் இதையேதான் சொல்றான்."

நான் சட்டென்று பேச்சை மாற்றினேன். "இல்லண்ணே, அவன் இன்னும் பத்து வருஷம் குத்துவான்."

"பயந்துக்கிட்டுச் சொல்லாதடா! எந்திரி. மறுபக்கத்தை அங்கேயே போய் செரைச்சுக்க."

எழுந்தால் பாதி முகத்தோடு தெருவில் சிரிப்பார்கள். உட்கார்ந்தால் கத்தி. "நீங்களே முடிங்கண்ணே," என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் முழுதாக மூடவில்லை. கத்தி தோலைத் தொடும்வரை அவர் கை நடுங்கியது. தொட்டபின் நடுங்கவில்லை.

ஒரு கீறல்கூட இல்லை. துண்டை என் மடியில் எறிந்து, "இனிமே இந்தப் பக்கம் வராதே," என்றார்.

அந்த வீரன் அடுத்த சண்டையில் என்ன ஆனான் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.