வராத பன்னிரண்டு விமானங்கள்

ரத்தினபாய் டீச்சருக்கு வயது ஐம்பத்தாறு. பொழிச்சலூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறார். காலையில் மேற்குத் தாம்பரம் வீட்டிலிருந்து கிளம்பி, மின்சார ரயிலில் பல்லாவரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கணவர் லாசரஸ் பைபாஸ் ஆப்பரேஷன் ஆனதிலிருந்து வேலைக்குப் போவதில்லை. டீச்சரின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

பள்ளிக்கூடம் இருப்பதோ விமானங்கள் போகிற பாதையில். கால் மணிக்கு ஒன்று கூரையை உரசுகிற மாதிரி போகும், ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். பேசிக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புதிதாக வருகிற டீச்சர்கள் முதல் வாரம் கத்திப் பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் தொண்டை கட்டிக்கொள்ளும், மூன்றாம் வாரம் வழிக்கு வந்துவிடுவார்கள்.

ரத்தினபாய்க்கு விமானம் நன்றாகவே கேட்கும். கேட்காதது பிள்ளைகளின் குரல்தான். நான்கு வருடமாக இப்படி. தடித்த சத்தமெல்லாம் வரும், மெல்லிசான குரல் வராது. வீட்டில் குக்கர் விசில் கேட்காமல், வெயிட் எழும்புகிறதா என்று பார்த்தபடி அடுப்படியிலேயே நிற்பார். வகுப்பில் கடைசி பெஞ்சுக் குழந்தை பதில் சொன்னால் உதடு அசைவது மட்டும் தெரியும்.

முதல் முறை அப்படி ஆனபோது, நல்லவேளை, மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. "பிளேன் போவுதுப்பா, திரும்பச் சொல்லு" என்றார். குழந்தை பலமாகச் சொன்னது. அடடா, இவ்வளவு சுலபமா! அடுத்த முறை விமானமே இல்லாதபோதும் அதையே சொல்லிப் பார்த்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊரில் விமானத்தைச் சந்தேகப்பட யாருக்கு நேரம் இருக்கிறது?

காதில் கருவி மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று நாம் சொல்லிவிடலாம், நமக்கென்ன. போன வருடம் கண் மங்கிப்போன கணக்கு டீச்சருக்கு ஜூன் மாதம் வகுப்பே ஒதுக்கவில்லை. மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ரத்தினபாய் எந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தலைமையாசிரியர் சூர்யநாராயணன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கோபம் வந்தால் தவிர எல்லாவற்றையும் மீசைக்குள்ளேயே பேசுவார். அவர் சொல்வதற்கெல்லாம் ரத்தினபாய் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு, பிறகு ஆபீஸ் அக்காவிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு செவ்வாய்க்கிழமை உமேஷ் என்ற பையன் வந்து ஏறினான். விமானச் சத்தம் அக்கம்பக்கத்து ஜனங்களை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கிற கம்பெனியில் வேலை. மொட்டை மாடியில் முக்காலி நட்டு, பஞ்சுத் தொப்பி போட்ட ஒரு மைக்கை நிறுத்திவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குள் வந்தான்.

"மேடம், சத்தம் எவ்ளோன்னு மெஷின் சொல்லிடும். ஆனா பாடம் எத்தனை தடவை நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க பாட்டுக்கு கிளாஸ் எடுங்க. ஒவ்வொரு தடவை பிளேனால நிக்கறப்பவும் கிளாஸ் லீடர் டைம் எழுதட்டும். சாயங்காலம் மெஷின் டைமோட சேத்துப் பாத்துடுவேன்."

சேர்த்துப் பார்ப்பானாமே! லீடர் தமிழினியோ தாளை வாங்கி, கோடு போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு தயாராகிவிட்டாள். எதைச் சொன்னாலும் சிரத்தையாகச் செய்கிற பிள்ளை. அன்றைக்குப் பார்த்து அந்தச் சிரத்தை டீச்சருக்குப் பகீரென்றது.

இன்று பிளேன் என்ற வார்த்தையை வாயிலேயே எடுப்பதில்லை என்று ரத்தினபாய் முடிவு செய்தார். முதல் பீரியடில் போர்டு நிறைய எழுதிப்போட்டு எழுதச் சொன்னார். இரண்டாவதில் தானே வாசித்தார். நிஜ விமானம் போனபோது மட்டும் நிறுத்தினார். மூன்றாவது பீரியடில் வாய்மொழித் தேர்வு. அதைத் தள்ளிப்போட வழியில்லை, மறுநாள் மார்க் கொடுத்தாக வேண்டும். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒவ்வொன்றும் எழுந்து நின்று அந்த மெல்லிய குரலில் பதில் சொல்லும்.

பக்கத்தில் போய் நின்று கேட்டார். மின்விசிறி இரைந்தது. உதட்டைப் பார்த்தார். ஒரு குழந்தை வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசியது. சரியாகச் சொன்ன பிள்ளைக்குத் தப்பு மார்க் போடுவதா? பாவம் இல்லையா? அவரையும் அறியாமல் வந்துவிட்டது.

"பிளேன் போவுதுப்பா, திரும்பச் சொல்லு."

தமிழினி கடிகாரத்தைப் பார்த்தாள், எழுதினாள். ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. எழுதாதே என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

மதியம் ரத்தினபாய் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார். பிள்ளைகள் கை கழுவப் போன நேரத்தில் தாளை எடுத்தார். முத்து முத்தான கையெழுத்தில் இருபத்தாறு வரி. கிழித்துவிடலாமா? வாசலில் செருப்புகள் நகர்வது தெரிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

நாலு மணிக்கு வகுப்பு காலியானது. தமிழினியை மட்டும் உமேஷ் இருக்கச் சொன்னான். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தாளோடு ஒப்பிட்டான். சூர்யநாராயணன் சாரும் வந்து பின்னால் நின்றார்.

"ஒரு சின்ன கன்ஃபியூஷன் சார். மெஷின்ல இருபத்து மூணு பிளேன்தான் இருக்கு. பாப்பா முப்பத்தஞ்சு எழுதியிருக்கு. பன்னெண்டு எக்ஸ்ட்ரா."

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வார்த்தையும் ரத்தினபாய்க்குக் கேட்டது. "என்னம்மா இது, விளையாட்டா? இந்த ஊர்ல எத்தனை பேர் தூங்க முடியாம கஷ்டப்படறாங்க, அதுக்காக அளக்கறாங்க. நீ இஷ்டத்துக்கு எழுதி வெச்சா, ஜனங்க சொல்றதெல்லாம் பொய்னு தூக்கிப் போட்டுடுவாங்க. நாளைலேர்ந்து நீ லீடர் இல்ல."

ரத்தினபாய் வாயைத் திறக்கவில்லை. ஆமாம், திறக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு, சாக்பீஸ் டப்பாவை மூடித் திறந்துகொண்டு நின்றார். ஒரு நாள் திட்டுதானே, நாளைக்கு மறந்துவிடுவாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நிமிடத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

தமிழினி சாரைப் பார்க்கவில்லை. நேராக டீச்சருக்கு எதிரில் வந்து நின்று, முகத்தை நிமிர்த்திப் பேசினாள். அவ்வளவு கிட்டத்தில் உதடும் தெரிந்தது, குரலும் வந்தது.

"நீங்க பாடத்த நிறுத்துனப்ப மட்டும்தான் டீச்சர் எழுதுனேன். எனக்குத்தான் காது சரியில்ல. நீங்க பிளேன்னு சொல்றப்போ நெறைய வாட்டி எனக்கு ஒண்ணுமே கேக்காது. அம்மாகிட்ட சொல்லி அழுதேன். டாக்டராண்ட ரெண்டு வாட்டி இட்டுகினு போச்சு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. ஆனா இன்னும் சரியாவல டீச்சர். இன்னிக்குக் கூட கேக்கல."

ரத்தினபாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, என் தலையெழுத்தே! ஒரு குழந்தைக்கு நான் செய்த காரியமா இது? சுவர்க் கடிகாரம், ஜூன் மாதம், லாசரஸின் மாத்திரை டப்பா எல்லாம் கண்முன் வந்தன. தமிழினியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய இரண்டு காதையும் கைகளால் பொத்தினார். பிறகு எடுத்தார்.

"உன் காது நல்லாருக்கும்மா. அந்தப் பன்னெண்டு தடவையும் பிளேனே வரல." உமேஷ் பக்கம் திரும்பினார். "அந்தப் பன்னெண்டும் என்னோடது தம்பி. அடிச்சிடுங்க. பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல. பசங்க பேசறது எனக்குக் கேக்கல, நாலு வருஷமா."

உமேஷ் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டான். சூர்யநாராயணன் சார் பக்கத்தில் வந்தார். கோபம் போயிருந்தது போலிருக்கிறது. ரத்தினபாயைப் பார்த்து, மீசைக்குள் ஏதோ சொன்னார். ஒரே ஒரு வரிதான். வேலையைப் பற்றியா, ஜூன் மாதத்தைப் பற்றியா, தெரியவில்லை.

வானத்தில் ஒன்றும் இல்லை. ஜன்னல் கண்ணாடி அசையவில்லை. ரத்தினபாய் வழக்கம்போல் "சரி சார்" என்று தலையாட்டப் போனார். தமிழினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேக்கல சார்" என்றார். "திரும்பச் சொல்லுங்க."