இடக்கை வெட்டிய கட்டா

காரைக்குடி வாரச் சந்தையில் அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. தரைக்குப் பட்டா யாருக்கும் கிடையாது, ஆனால் இடம் எல்லாருக்கும் உண்டு. தொடர்ந்து மூன்று சந்தை ஒருத்தி வராமல் போனால், அவள் இடத்தைச் சந்தைக் குத்தகைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். பிள்ளைப்பேறு, சாவு எதற்கும் விலக்கு இல்லை. என் இரண்டாவது மகள் பிறந்த பதினெட்டாம் நாள், கூடையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தவள் நான்.

கருவாட்டு வரிசையில் எனக்கு ஒரு சாக்கு அகல இடம். என் மாமியார் உட்கார்ந்தது. வீட்டுக்காரர் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். அந்த வீடு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும்தான் திறக்கும். சம்பளமும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். அதனால் எங்கள் வீட்டு உலை அந்த ஒரு சாக்கு அகலத்தை நம்பித்தான் கொதித்தது.

நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையில் நின்றுவிடும். சந்தையில் எனக்குப் பக்கத்து இடம் ஒரு மதினிக்கு. சொந்தம் இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கும் சேர்த்து அவளே கூவுவாள். "வாங்க ஆச்சி, இந்த ஊமைச்சி கருவாட்டப் பாருங்க, பேசாட்டியும் மணக்குது" என்பாள். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கூறு வைப்பேன்.

எழுபதுகள் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு சந்தை நாளில் எங்கள் வரிசைக்குத் தலைமாட்டில் ஒரு லாரி வந்து நின்றது. கிழக்கே தொண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு முதலாளி கட்டாக் கருவாட்டை மூட்டை மூட்டையாக இறக்கினார். கட்டா மீனை முதுகுப் பக்கம் கீறி, புத்தகம் மாதிரி விரித்துக் காயப்போடுவார்கள். அதைத் தராசில் நிறுத்து, கிலோ இரண்டு ரூபாய் என்று கொடுத்தார். நாங்கள் கூறு கட்டி விற்பவர்கள். எங்கள் கூறுகளை நிறுத்துப் பார்த்தால் கிலோ இரண்டே முக்கால் வரும். கரையில் சின்னப் படகுக்காரர்களிடம் மலிவாகப் பிடித்து, சைக்கிளில் எங்களுக்குச் சரக்குக் கொண்டுவருகிறவரிடம் நாங்கள் வாங்குவதே இரண்டேகாலுக்கு. அன்று சாயங்காலம் எங்கள் கூடைகள் போன கனத்திலேயே திரும்பி வந்தன.

அடுத்த சந்தையில் மதினி அந்த முதலாளியிடமே போய் இரண்டு மூட்டை கேட்டாள். அதையே வாங்கிக் கூறு வைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தாள். நல்ல யோசனைதான். அவர் தரவில்லை. வீட்டுக்கு வேண்டுமானால் ஒரு கிலோ, இரண்டு கிலோ வாங்கிக்கொள், மூட்டையாகக் கிடையாது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரக்கைக் கழித்துவிட வந்தவர் என்றால் மூட்டை கேட்ட ஆளைக் கும்பிட்டல்லவா கொடுப்பார்? இவர் கண் எங்கள் தரைமேல் இருந்தது. வேறொரு சந்தையில் பெண்கள் எல்லாம் எழுந்துபோன பிறகு இதே கட்டா மூன்றரைக்குப் போனதாகச் சைக்கிள்காரரும் சொன்னார்.

வரிசை கலைய ஆரம்பித்தது. ஒருத்தி களையெடுக்கப் போனாள், ஒருத்தி மகள் வீட்டுக்குப் போனாள். மதினி செங்கல் சூளைக்குப் போனாள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று சந்தை கழிந்தது. நான்காவது சந்தையில் மதினி உட்கார்ந்த இடத்தில் முதலாளியின் தார்ப்பாய் விரிந்து கிடந்தது.

நான் மட்டும் ஒரு வாரமும் விடவில்லை. வாங்கிவைத்த சரக்கு புழு விழுந்து கொட்டிய பிறகு, கையில் ஒன்றும் இல்லாத வாரத்திலும் போய் வெறும் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். தராசு பிடிக்கிற ஆள் என்னைப் பார்த்து, "என்னக்கா, இன்னைக்குச் சாக்கு யாவாரமா? கிலோ என்ன வெல?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சாக்கின் ஓரத்தை இழுத்து நேராக்கிக்கொண்டேன்.

குத்தகைக்காரரிடம் சொல்லலாம் என்று மூன்று தடவை போய்ப் பேசாமலே திரும்பினேன். நான்காம் தடவை அவரே, என்ன வேணும், சொல்லு என்று அதட்டினார். ஒரு காலத்தில் வெளியூர் வெற்றிலைச் சுமைக்கு, உட்காரும் இடத்துக்கு வாங்கும் தரைக்காசைக் கூடுதலாக வாங்கியதை மாமியார் சொல்லக் கேட்டிருந்தேன். அதை லாரிக்கும் போடக் கூடாதா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவருக்கு அந்த வழக்கம் தெரிந்திருந்தது.

"அந்த வெத்தலக்காரன் அவன் ஊரு வெலைக்கும் கொறச்சு இங்க கொட்டுனான். அதனால போட்டாக. மலிவா விக்கிறது மட்டும் குத்தமா ஆத்தா? இவரும் அவுக ஊருல ஒரு வெல, இங்க ஒரு வெலன்னு விக்கிறாருன்னு காட்டு. அப்புறம் பாப்போம்."

என்னை அனுப்பிவிடத்தான் அப்படிச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "கண்டக்டர்ட்ட டிக்கெட் கேக்கவே ஒனக்கு நான் வரணும். நீ போயி கடற்கரையில வெல கேக்கப் போறியாக்கும்?" என்றார். ஆனால் மறுநாள் விடியும் முன்பே கைப்பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். பெரிய மகள் கஞ்சிக்கு அரிசி களைய ஆரம்பித்திருந்தாள்.

தேவகோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருவாடானை வழியாக இன்னொரு பஸ். அந்த ஊரில் முதலாளியின் கடை கடைத்தெருவிலேயே இருந்தது. போர்டில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். வாசலில் நெடுநேரம் நின்றேன். கிலோ மூன்று ரூபாய் என்று கடையாள் ஒருவரிடம் சொல்வது காதில் விழுந்தது. காதில் விழுந்ததைக் கொண்டுபோய் என்ன செய்வது? உள்ளே போய் இரண்டு கட்டா வாங்கினேன். அதற்குச் சீட்டு வேண்டும் என்றேன்.

கடையாள் நிமிர்ந்து பார்த்தான். "கருவாட்டுக்குச் சீட்டாக்கா? பொண்ணு வீட்டுக்குச் சீரு கொண்டு போறீகளா?"

சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். வீட்டில் கேட்பார்கள் என்று சொன்னேன். பொய் இல்லை, சந்தையும் எனக்கு வீடுதான். அவன் சிரித்துக்கொண்டே கடைப்பெயர் அச்சடித்த தாளில் எடையும் விலையும் எழுதி, நாளும் போட்டுக் கொடுத்தான்.

வெளியே வந்து கருவாட்டை விரித்துப் பார்த்தேன். இரண்டில் ஒன்று மாறியிருந்தது. முதுகைக் கீறி விரிக்கும்போது நடுமுள் ஏதாவது ஒரு பக்கத்துச் சதையோடு ஒட்டி நிற்கும். வலக்கையில் கத்தி பிடிக்கிறவள் வெட்டினால் எப்போதும் ஒரே பக்கம்தான் நிற்கும். இதில் மறுபக்கம் நின்றது. காரைக்குடியில் லாரிக்காரர் குவியலிலும் இப்படி மாறிய மீன்களை வாரா வாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விற்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்ப்பதற்குத்தான் நேரம்.

கடைக்குப் பின்னால் கடலை ஒட்டி அவருடைய வாடி, கருவாடு காயப்போடுகிற இடம். இருபது பெண்கள் குந்தி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தி இடக்கையில் கத்தி பிடித்திருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன். என்னிடம் இருந்த மீனைக் காட்டி, இது உங்கள் வெட்டா என்று கேட்டேன்.

"ஏங்கையிதேன். இந்த வாடியில எடங்கைக்காரி நான் ஒருத்திதேன். எதுக்குக் கேக்குறீக, வெட்டு சரியில்லையா?"

இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன். எங்கிருந்து வருகிறேன் என்று அவள் கேட்கவும், சொல்லிவிட்டேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். கத்தி நிற்காமல் ஓட, அவளும் சொன்னாள். இந்தக் கட்டா எல்லாம் இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்ததாம். அங்கே வாங்குவது குறைந்து, சரக்கு அடைக்கிற கிட்டங்கி நிறைந்துவிட்டதாம். இங்கே விலையை இறக்கினால் வாங்கவரும் வியாபாரிகள் எல்லாரும் அந்த விலைக்கே கேட்பார்கள். அதனால் இங்கே மூன்று ரூபாயிலேயே நிறுத்திவைத்து, உள்நாட்டுச் சந்தைகளில் இரண்டுக்குக் கொட்டுகிறார்களாம். அந்தச் சந்தைகள் கைக்கு வந்ததும் அங்கேயும் ஏற்றிவிடுவார்களாம்.

"அதுல விழுகுற ஓட்டைய எங்க கூலியிலதேன் அடைக்கிறாக. கூடைக்குக் காவாசிய கொறச்சுட்டாக" என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "நீங்க இங்குட்டு வந்ததா நான் யார்ட்டயும் சொல்லல. நீங்களும் என்னையச் சொல்லிப்புடாதீக" என்றாள்.

பஸ்ஸில் அந்தப் பேச்சுத்தான் கூட வந்தது. அவளைச் சொல்லாமல் அவள் கையை மட்டும் எப்படிக் காட்டுவது என்று யோசித்தபடியே வந்தேன். மடியில் கருவாடு மணத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து முன்னால் போய்விட்டார். காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது.

அடுத்த சந்தையில் முதல் வேலையாக லாரிக் குவியலில் முள் மாறிய கட்டா ஒன்றைத் தேடி எடுத்து, கிலோ இரண்டு ரூபாய் விலைக்கு வாங்கினேன். தராசுக்காரன், சாக்கு வியாபாரம் நல்லாப் போகுதா என்றான். நான் நேராகக் குத்தகைக்காரரிடம் போனேன். சீட்டை அவர் இரண்டு தடவை படித்தார். முதலாளியைக் கூப்பிட்டனுப்பினார்.

முதலாளி பதறவில்லை. அங்கே கடையில் விற்பது முதல் தரம், இங்கே கொண்டுவருவது இரண்டாம் தரம், இரண்டுக்கும் ஒரே விலை சொல்ல முடியுமா என்றார். குத்தகைக்காரர் ஒத்துக்கொள்வதுபோல் தலையை ஆட்டினார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கையில் இருந்த சாக்கைத் தரையில் போட்டேன். அவர் ஊர்க் கடையில் வாங்கியதையும் இங்கே வாங்கியதையும் அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரித்தேன்.

"ரெண்டும் எடக்கை வெட்டுண்ணே. முள்ளப் பாருங்க" என்றேன்.

கூட்டத்தில் இருந்த மீன்காரிகள் குனிந்து பார்த்து, ஆமாம், ஒரே கைதான் என்றார்கள். ஒரே கை வெட்டினால் ஒரே தரம் ஆகிவிடுமா என்றார் முதலாளி. அதுவும் நியாயம்தான். நான் இரண்டையும் சாக்குக்குள் போட்டுப் புரட்டி, மறுபடி எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல எது மொதத் தரம்னு மொதலாளியே எடுத்துக் குடுக்கட்டும்."

அவர் குனிந்தார். ஒன்றைத் தொட்டார், கையை எடுத்தார், அடுத்ததைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து, கூடைக்காரப் பொம்பளையோடு இதென்ன விளையாட்டு என்று குத்தகைக்காரரைக் கேட்டார். குத்தகைக்காரர் மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரிசை காலியாகக் காலியாக அவருக்கும் தரைக்காசு குறைந்துகொண்டிருந்தது. அது அப்போது அவர் நினைவுக்கு வந்திருக்கலாம்.

அன்றைக்கே சொல்லிவிட்டார். லாரிக் கருவாட்டுக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் விழும்படி மூட்டைக்குக் கூடுதல் தரைக்காசு. அவர் ஊர் விலைக்கே இங்கேயும் விற்கிற வாரத்தில் அது வேண்டாம். விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

லாரி இன்னும் கொஞ்ச நாள் வந்தது. மூன்று ரூபாய்க்கு விற்றது. பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தது, அப்புறம் காணவில்லை.

எல்லாரும் என்னைக் கொண்டாடினார்கள் என்று எழுதினால் அது பொய். எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகிற ஒருத்தி இருந்தாள். மூன்று பிள்ளைகள். குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "ரெண்டு ரூவாய்க்குத் தின்னுக்கிட்டு இருந்தோம். ஒன் எடத்தக் காப்பாத்த எங்க கொழம்புல கைய வச்சுட்டியே" என்றாள். இடக்கைக்காரி கூலியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்பவளிடம் அது என்ன எடுபடும்? குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கட்டாவின் தலையும் வாலும் உடைசலும் தனியாகச் சேர்த்து, பாதி விலைக்கு ஒரு கூறு வைக்க ஆரம்பித்தேன். அவள் வந்து வாங்குவாள். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்படியே பல வருஷம் வாங்கினாள்.

மதினி சூளையிலிருந்து திரும்பி வந்த சந்தை நாள் நன்றாக நினைவிருக்கிறது. கூடையோடு வரிசையின் ஓரத்தில் நின்றாள். அவள் இடத்தில் லாரிக்காரரின் தார்ப்பாய் போய், ஒரு வெங்காயக்காரர் வந்திருந்தார். வழக்கப்படி அது அவருடைய இடம். மதினி என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கூவிக்கூவிப் பழகின வாய் சும்மா நின்றது. நான் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சாக்கில் பாதியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவள் வந்து மீதிப் பாதியில் உட்கார்ந்தாள். முட்டியும் முட்டியும் இடித்தது.

கொஞ்ச நேரத்தில் குத்தகைக்காரர் தரைக்காசுக்கு வந்தார். ஒரு சாக்கில் இரண்டு கூடையைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்குமாகக் கேட்டார். மதினி மடியை அவிழ்க்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடம் ஒண்ணுதானேண்ணே" என்றேன்.

அவர் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு இடத்துக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு வெங்காயக்காரரிடம் போனார்.