வாசலுக்கு நேரே ஒரு புங்கமரம்

ஆரணியில் வீட்டுக்கு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர், "இயற்கையா இருக்கணும் சார், காத்தோட்டமா இருக்கணும்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பேசி முடிக்கும்போது பார்த்தால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிச் சுவர், எல்லா அறைக்கும் ஏசி, மொட்டை மாடியில் பிளாஸ்டிக் புல் என்று வந்து நிற்கும். அவர்கள் கேட்ட இயற்கை அந்தப் பிளாஸ்டிக் புல்தான் போலிருக்கிறது. நான் கத்துவேன். அவர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். கத்தியே தொழிலைக் கெடுத்துக்கொண்டவன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

ஒரே ஒரு வீட்டை மட்டும் நான் நினைத்தபடி கட்டினேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை.

அந்த வீட்டுக்காரம்மா பட்டு நெசவு செய்கிறவர். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகன். சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலையில் இருந்தவன், லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் இங்கே சேத்துப்பட்டு ரோட்டில் பைக்கோடு விழுந்தான். கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிவிட்டது. தலை, தோள், கொஞ்சம் கை, இவ்வளவுதான் அவன் சொன்னபடி கேட்டன. வேலூரில் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, அம்மாவின் ஷீட் போட்ட வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

அதற்கடுத்த கோடை முடிந்ததும் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"எனக்கு எலிவேஷன் கிலிவேஷன்லாம் வேணாம் தம்பி. எம் புள்ளைக்கு வேர்க்காது. அவன் படுத்துகினு கீற ரூம்பு சூடாவக் கூடாது. கரண்ட்டு போனாலும் சூடாவக் கூடாது. அந்த மாதிரி ஒரு வீடு கட்ட முடியுமா, முடியாதா? அத்த மட்டும் சொல்லு."

வேர்க்காது என்றால் எனக்கு முதலில் புரியவில்லை. அக்காதான் விளக்கினார். தண்டுவடம் போனவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு வியர்க்காதாம். வெயில் ஏறினால் உடம்பின் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டு போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கத்திரி வெயிலில் அந்த ஷீட் வீட்டுக்குள் அவனுக்குக் கண் செருகிவிடும். வியர்க்காத உடம்புக்கு ஃபேன் என்பது அனல் காற்றை அள்ளி இறைக்கிற யந்திரம். அக்கா தறியை விட்டு இறங்கி இறங்கி ஓடி, ஈரத் துண்டைப் போட்டு அவனை அந்தக் கோடை தாண்ட வைத்திருக்கிறார்.

முடியும் என்று சொன்னேன். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெயிலைப் பற்றி நான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வந்துவிட்டது என்று சந்தோஷம்.

ஷீட் வீடு இருந்த இடத்திலேயே புது வீடு. மேற்குப் பார்த்த மனை. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால் ஒரு கிணறு. மேற்கு வெயில்தான் இந்த ஊரில் எமன். ஆனால் மனைக்கு முன்னால், தெருவை ஒட்டி, ஒரு பெரிய புங்கமரம் நின்றது. புங்க நிழல் மாதிரி நிழல் வேறு எந்த மரத்துக்கும் கிடையாது என்பது என் கட்சி. அந்த மரத்தை வைத்துத்தான் வீட்டையே வரைந்தேன். மகனின் அறையை முன்னால் கொண்டுவந்து நிழலுக்குள் வைத்தேன். தறியைப் பின்னால் கொண்டுபோனேன், காற்று பட்டால் நூல் காய்ந்து அறுந்துவிடும் என்பதால். நடுவில் வெற்றிடம் விட்ட இரட்டைச் செங்கல் சுவர். கூரைக் கான்கிரீட்டுக்குள், சூடு கீழே இறங்காமல் இருக்க, கவிழ்த்து வைத்த மண்சட்டிகள்.

படவேட்டு மலையடியில் கரையான் புற்றுகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே கொளுத்தினாலும் உள்ளே கரையானுக்கு ஒன்றும் ஆவதில்லை. மண்ணுக்குள் ஓடும் துளைகளும் கனத்த சுவரும் சூட்டைத் தடுத்து, காற்றை மெதுவாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதே யோசனையில் சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் வைத்தேன். மர நிழலின் குளிர்ந்த காற்று கீழே நுழையும், சூடான காற்று மேலே உள்ள திறப்பில் வெளியேறும். புற்றைப் பார்த்து வரைந்தது என்று சொன்னதும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அம்மனே குடி வந்துட்டான்னு சொல்லு!"

முதல் மே மாதம் நான் போனபோது அவன் கட்டிலில் சாய்ந்து ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் தார் இளகிக் கிடந்தது. அறைக்குள் வைகாசி மாதத்தின் வாசனையே இல்லை.

"அண்ணா, கரண்ட்டு போய் ரொம்ப நேரம் ஆவுது. நான் ஃபேன் ஓடிகினு கீதுன்னு நெனச்சேன்" என்றான்.

நான் தெருவுக்கு வந்து, யாரும் பார்க்காதபடி அழுதேன். படித்த படிப்புக்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மரத்துக்குத் தெருவில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தறியில் ஏற்றப்போகிற பட்டுப் பாவு நூலை நெடுக இழுத்துக் கட்டி, இழை பிரித்துச் சீர் செய்வார்கள். மரத்துக் காக்கையும் குருவியும் எச்சம் போட்டால் ஒரு முகூர்த்தச் சேலைக்கு உண்டான நூல் கறைபட்டுவிடும். வீடு கட்டி முடித்த சமயத்தில் தெருக்காரர்கள் கூடி வந்து, மரத்தை எடுத்துவிடலாம் என்றார்கள். அக்கா கதவைத் திறந்து வைத்து, கட்டிலில் கிடந்த மகனைக் காட்டினார்.

"இந்த மரத்தை எட்துட்டு, இவனை எங்க கொண்டுபோயிப் படுக்க வெக்கட்டும்? நீங்களே சொல்லுங்க. நானும் தறியில குந்துறவதான். பாவுல கறை பட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா?"

அதன் பிறகு பாவு கட்டுகிற நாளிலெல்லாம் அக்கா விடிவதற்குள் எழுந்து, கிளைகளுக்குக் கீழே பழைய புடவைகளைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டுவார். எச்சம் புடவையில் விழும். வேலை முடிந்ததும் அவிழ்த்துத் துவைத்துப் போடுவார். யாரும் அப்புறம் வாய் திறக்கவில்லை.

இப்படி ஒரு தெருவையே எதிர்த்துக் காப்பாற்றிய மரத்தை, அக்காவே வெட்டினார்.

சந்தவாசல் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் அவனைப் பார்க்க வந்தவர், கூடவே வாஸ்து பார்க்கிற ஒருவரையும் அழைத்து வந்திருக்கிறார். வந்த மனிதர் உள்ளே நுழையும் முன்னாலேயே நின்றுவிட்டாராம். வாசலுக்கு நேரே மரம். அது வாசல்குத்து என்கிற தோஷமாம். வீட்டுக்கு வாரிசாக நிற்கிற ஆண் பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டிருப்பது இந்த மரம்தான், இதை எடுத்தால் அடுத்த தைக்குள் கால் அசையும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா எனக்குப் போன் செய்தார். மரத்தை வேரோடு எடுத்தால் வீட்டுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டார். வேர் அஸ்திவாரத்துக்கு அடியில் ஓடுகிறது, தோண்டினால் சுவர் விரிந்துவிடும் என்றேன். எதற்குக் கேட்கிறார் என்பதை அக்கா சொன்னதும் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். தெருவில் நின்றே கத்தினேன். அந்த ஆளைக் கூட்டிவாருங்கள், மே மாதத்தில் இந்த அறையில் உட்கார வையுங்கள் என்று கத்தினேன். அக்கா நான் ஓயும் வரை பொறுத்திருந்தார்.

"நீ எம் புள்ளை சூடாவாம படுத்துகினு இருக்க வழி சொன்ன தம்பி. அவரு எம் புள்ளை எழுந்து நடக்க வழி சொல்றாரு. பெத்தவ நான் எத்தைக் கேக்கட்டும்?"

மரம் நிற்கட்டும், வாசலை ஓரத்துக்கு மாற்றித் தருகிறேன், எனக்குக் கூலி கூட வேண்டாம் என்று கெஞ்சினேன். அக்கா அதை அலட்சியமாகத் தள்ளவில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் மடித்து வைத்த பொட்டலங்களில், வாசலை மாற்றினால் போதுமா என்று கேட்டு எடுத்தபோது சிவப்பு வந்தது. மரத்தை எடுக்கலாமா என்று கேட்டு எடுத்தபோது வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் உத்தரவு. இதற்கு மேல் நான் யாரிடம் போய் வாதாடுவது?

மகனிடம் போனேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் அம்மா நிறுத்திவிடுவார் என்றேன்.

"வேணாண்ணா, வெட்டட்டும்."

"நீயுமா நம்புற?"

"நானா? ஸ்கேன் படத்தை எத்தினி தடவ பாத்துட்டேன். எனக்குத் தெரியாதா?" அவன் அம்மாவுக்குக் கேட்காதபடி பேசினான். "மரம் இருந்தா, நான் எழுந்திரிக்காததுக்கு மரம்தான் காரணம்னு தெனமும் நெனச்சிகினு இருப்பாங்க. நீங்க தடுத்தா நீங்க காரணம். நான் தடுத்தா நான் காரணம். அவங்களுக்குன்னு வேற இன்னா கீது? ஒரு தை மாசம் வரைக்குமாவது நிம்மதியா இருக்கட்டுமே."

ரம்பம் வைத்தார்கள். முன்பு வெட்டச் சொல்லி வந்தவர்களே தெருவில் நின்று பார்த்தார்கள். நான் சொல்லியிருந்தபடி வேரையும் அடிமரத்தையும் விட்டுவிட்டார்கள்.

தை வந்தது, போனது. மாசி முடிவதற்குள்ளேயே அறையின் முன்சுவர் சாயங்காலத்தில் கை வைக்க முடியாதபடி காய ஆரம்பித்தது. மூங்கில் தட்டி கட்டினேன், பச்சை வலை கட்டினேன், வெட்டிவேர் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். ஒரு மரம் செய்த வேலையை ஒரு கடைச் சாமான்களால் செய்ய முடியவில்லை. குளிர்ந்த காற்றுக்காக நான் வைத்த துளைகள் தெருவின் அனலை உள்ளே இழுத்தன. அக்கா வேறு வழியில்லாமல் ஏசி வாங்கிப் போட்டார். புற்று மாதிரி மூச்சு விடுகிற அறையில் ஏசி எப்படி நிற்கும்? மாட்ட வந்தவர், எல்லா ஓட்டையையும் அடைக்கச் சொன்னார். கீழ்த் துளைகளைச் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். மேல் திறப்புக்குப் பலகை அடித்தார்கள். அந்த அறை மூச்சு விடுவதற்காக நான் செய்த காரியம் ஒன்றுகூட மிச்சமில்லை.

கத்திரியில் ஒருநாள் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போயிற்று. அடைத்துப் பூசிய அறை பழைய ஷீட் வீட்டைவிட மோசமாகக் காய்ந்தது. அக்கா கூப்பிட்டு நான் போனபோது அவனுக்குப் பேச்சுக் குழறிக்கொண்டிருந்தது. கடப்பாரையை வாங்கி மேல் பலகையை நானே நெம்பி எடுத்தேன். அக்கா ஜல்தி ஜல்தி என்று அலறிக்கொண்டே குடம் குடமாக அவன் மேல் தண்ணீரை ஊற்றினார். ஆம்புலன்ஸ் வேலூருக்குப் போகிற வழியெல்லாம், நான் எதற்கு இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

பிழைத்தான். ஆனால் திரும்பி வந்தவன் பழைய ஆள் இல்லை. குரல் அடங்கிவிட்டது. முன்பு கிண்டல் செய்கிறவன், இப்போது கேட்டால் மட்டும் பேசுகிறான்.

போன வாரம் போயிருந்தேன். வாசலுக்கு நேரே அடிமரம் இருக்கிறது. புங்கம் லேசில் சாகாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சுற்றிலும் துளிர்விட்டுக்கொண்டே இருக்கிறது. அக்கா தினமும் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு வந்து, அந்தத் துளிர்களை ஒன்று விடாமல் கிள்ளி எடுக்கிறார். கிள்ளிய கையோடு உள்ளே போய் மகனின் பாதங்களைப் பார்க்கிறார். தை எத்தனை போனாலும் அவருக்குக் கணக்கு வேறு. உயிர் இன்னும் வேரில் இருப்பதால்தான் தோஷம் போகவில்லையாம்.

"வேரையும் தோண்டிடலாமா தம்பி? வீடு போனாலும் போவட்டும்" என்று கேட்டார்.

வேண்டாங்கக்கா என்றேன். கத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

என்னை உள்ளே அழைத்துப் போய், மகனின் காலில் இருந்து போர்வையை விலக்கினார். "சுண்டு விரலப் பாரு. காத்தால லேசா அசைஞ்சுது. எம் மேல சத்தியமா. நீயும் பாரு."

மூன்று பேரும் பார்த்தோம். மெலிந்து, வெளுத்து, இரண்டு பாதங்களும் அப்படியே கிடந்தன. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். வேணாண்ணா என்று அன்றைக்குச் சொன்னபோது இருந்த அதே பார்வை.

"ஆமாங்கக்கா, அசைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு சிரித்தார். வேகமாக வெளியே போனார். எங்கே போகிறார் என்று ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காலையில் கண்ணில் படாமல் தப்பியிருந்த ஒரே ஒரு துளிர், அடிமரத்தின் தெருப் பக்கத்தில் இருந்தது. குனிந்து அதையும் கிள்ளினார்.