கதவோரப் பெட்டி

சென்னியப்பன் அண்ணனைக் கோபக்காரன் என்பார்கள் நாமக்கல் லாரிக்காரர்கள். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். டோல்கேட்டில் சண்டை, டீக்கடையில் சண்டை. கிளாஸைக் கழுவாமல் டீ கொடுத்தால் அங்கேயே கொட்டிவிட்டு வந்துவிடுவார். ஆனால் அவர் கத்திய எந்த இடத்திலும் தப்பு அவர் பக்கம் இருந்ததில்லை. எட்டு வருஷம் மாற்று டிரைவராகப் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

போன மே மாதம் சென்னைத் துறைமுகத்தில் எங்கள் குளிர்சாதன லாரியில் பன்னிரண்டு பெட்டி ஏற்றினார்கள். தென் துருவத்தில் துளை போட்டு உருளை உருளையாக எடுத்த ஐஸாம். கேரளத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். ஐஸுக்கு இத்தனை பந்தாவா என்று நான் சிரித்தேன். ஆராய்ச்சிக்காரப் பெண் மஞ்சுளா செல்போனில் படம் காட்டினார். ஐஸுக்குள் பொடிப்பொடியாகக் குமிழிகள்.

"ஐஸ் எங்களுக்கு டப்பா மாதிரிதான் அண்ணா. உள்ள இருக்கிற காத்துதான் வேணும். இருபதாயிரம் வருஷத்துக் காத்து. அதுல கரியமில வாயு எவ்வளவு, மீத்தேன் எவ்வளவுன்னு அளக்கணும். மைனஸ் இருபதைத் தாண்டி சூடு ஏறவே கூடாது."

விடியக் கிளம்பி மத்தியானம் சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தால், குளிரூட்டும் மிஷின் நின்று கிடக்கிறது. அது நின்றால் கத்த ஓர் அலாரம் உண்டு. தொல்லையாக இருக்கிறதென்று முதலாளி சிவபிரகாஷ் அதன் ஒயரை எப்போதோ பிடுங்கிப்போட்டிருந்தார். பாவி மனுஷன்! கதவோரப் பெட்டியின் மூடி விலகி, உள்ளே முக்கால்வாசி தண்ணீர். மற்ற பதினொன்றும் இறுகித்தான் இருந்தன. பக்கத்து ஐஸ்கிரீம் கிடங்கில் கெஞ்சிக் கூத்தாடி அவற்றை உள்ளே வைத்தோம்.

முதலாளிக்குப் போன் போட்டோம்.

"அட, ஐஸ்தானப்பா! அந்தத் தண்ணிய அங்கயே உறைய வெச்சு எடுத்துட்டுப் போ. கோழிக்கறி இளகுனா நாம என்ன பண்றோம்? எவனுக்குத் தெரியும்?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உறைய வைக்க அதே அளவில் பிளாஸ்டிக் குழாய்கூடத் தேடினேன்.

அண்ணன் வெடித்தார். "ஏனுங்க, கோழியும் இதுவும் ஒண்ணுங்களா? உள்ள இருந்த காத்துப் போயிருச்சுங்க! இப்ப உறைய வெச்சா இந்த ரோட்டுப் பொகையில்லீங்களா உள்ள போய் உக்காரும்? அதை அளந்துபோட்டு அந்தப் புள்ள ஊருக்கெல்லாம் பொய் சொல்லோணுமா? நீங்க ஒயரப் புடுங்குன லட்சணத்துக்கு?"

"வேலை போயிரும், பாத்துக்க."

"போகட்டுமுங்க!"

போனை வைத்த கையோடு மஞ்சுளாவைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் அழுகை. "அந்தத் துண்டு இனிமே கிடைக்காது அண்ணா. ஆனா நீங்க மறைச்சிருந்தா, அந்தப் பொய்க் காத்தோட ஒப்பிட்டு மத்த பதினொண்ணையும் தப்பாக் கணக்குப் போட்டிருப்போம்."

"நாந்தானுங்க அம்மணி ஓட்டுனேன்" என்றார் அண்ணன். அவர் கண்ணைத் துடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மிஷினைப் பழுது பார்த்து, பதினொரு பெட்டியையும் கேரளத்தில் சேர்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பினால், நாமக்கல் ஷெட்டில் முதலாளி சாவியைக் கேட்டார். அண்ணன் மேசைமேல் வீசினார். முதலாளி அதை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீ ஓட்டறயா, பூபதி?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, முதலாளி மேல், அதைவிட என் மேல். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.