ஆலா முட்டையிட்ட மணல்திட்டில் இரண்டரை மணித்தியாலம்

சனிக்கிழமை காலை 4.45க்கு கொழும்பு புறக்கோட்டையில் புத்தளம் பஸ் ஏறினோம், நானும் என் அலுவலகத்தில் வேலை செய்யும் தர்ஷினியும். ஆடி மாதம், கற்பிட்டியில் காற்று நிற்காமல் வீசும் காலம். பெரிய பட்டமொன்று இழுத்துச் செல்ல, பலகையில் நின்றபடி நீர்மேல் சறுக்கும் விளையாட்டை அங்கே இரண்டு தடவை போய்ப் பழகியிருந்தேன். இந்தத் தடவை ஆட்கள் நெருக்கியடிக்கும் கரையோரக் களப்பு நீர் வேண்டாம், ஒருவரும் இல்லாத இடமாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

சிலாபம் தாண்டும்போது நன்றாக விடிந்திருந்தது. 8.40க்கு பாலாவிச் சந்தியில் இறங்கினோம். ஆளுக்கு 580 ரூபா. சீமெந்து லொறிகள் கிளப்பிய புழுதிக்கு முதுகைக் காட்டி நின்று பாணும் பருப்பும் சாப்பிட்டோம். அங்கிருந்து கற்பிட்டிக்கு நாற்பது கிலோமீற்றர், 190 ரூபா. மாம்புரியில் கத்தரிக்காய் மூட்டைகள் ஏறின. எங்கள் கால் வைக்கும் இடம் போயிற்று.

10.15க்கு இறங்குதுறை. பட்டமும் பலகையும் வாடகைக்கு எடுத்த இடத்தில் நிஸ்தார் என்ற படகுக்காரரைக் காட்டினார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர். மன்னாரில் பிறந்து, 1990இல் அங்கிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஏழு வயதில் உம்மா வாப்பாவோடு இந்தக் கரைக்கு வந்தவர். வீடு புத்தளம் கரைத்தீவில், தொழில் கற்பிட்டியில்.

"ஆக்கள் இல்லாத இடம் எண்டா ஒரு திட்டு இருக்கு மிஸ். முக்கா மணித்தியாலம் ஓடணும். ஆனா இப்ப முட்டைக் காலம்."

"என்ன முட்டை, நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"ஆலாக் குருவி. வெறும் மணல்ல குழி பறிச்சு வெக்கும். வடக்குப் பக்கத்தில நான் கம்பு நட்டு வெச்சிருக்கன். அந்தப் பக்கம் மட்டும் போக வேணாம். தெற்குப் பக்கத்தில விளையாடுங்க."

போகமாட்டோம் என்று சொன்னேன். அரை நாளுக்குப் படகுக் கூலி 12,000 ரூபா பேசிப் புறப்பட்டோம்.

11.20க்கு திட்டில் இறங்கினோம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு மரம் இல்லை, ஒரு பற்றை இல்லை. அரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு வெள்ளை மணலும் இரண்டு பக்கமும் கடலும் மட்டும். நிஸ்தார் எங்களை இறக்கிவிட்டு, இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லி நண்டு வலை பார்க்கப் போனார்.

தெற்குப் பக்கத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் விழுந்தேன். வடக்குப் பக்கத்திலோ திட்டு அலையை மறித்ததால் நீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கரையில் சிவப்புத் துணி கட்டிய கம்புகள் தெரிந்தன.

"அங்க வேண்டாம் எண்டவரெல்லே?" என்றாள் தர்ஷினி.

"கம்புக்கு உள்ள போகத்தானே கூடாது. நாங்கள் வெளியில நிப்பம்," என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கே அது நியாயமாகப் பட்டது.

பட்டம் எழும்பியதும் மணல் முழுவதும் வெடித்து மேலே போனது போல ஆலாக்கள் கிளம்பின. கைக்குள் அடங்கும் வெள்ளைப் பறவைகள், தலையில் கறுப்புத் தொப்பி. கிறீச்சென்று கத்திக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் சுற்றின. அவற்றுக்கு நடுவே நான் சறுக்குவதைத் தர்ஷினி போனில் எடுத்தாள். அவ்வளவு வடிவாக என்னை யாரும் படம் பிடித்ததில்லை.

ஒரு மணித்தியாலம் போனபின் அவள் கேட்டாள்: "இதுகள் ஏன் இன்னும் கீழ இறங்காமல் நிக்குதுகள்?"

"பழகிடும்," என்று சொல்லிவிட்டு மீண்டும் நீரில் இறங்கினேன். இரண்டு பேரும் றப்பர் சப்பாத்து போட்டிருந்தோம். மணல் எவ்வளவு சுடுகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு நிஸ்தார் வந்தார். பட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தூரத்திலேயே கண்டிருக்க வேண்டும். படகை நங்கூரமிட்டுவிட்டு எங்களிடம் வராமல் நேரே கம்புகளுக்குப் போனார். ஒரு குழியருகில் குந்தி, முட்டையைப் புறங்கையால் தொட்டார். பிறகு அடுத்த குழி. பதினொரு குழியையும் அப்படிப் பார்த்தார்.

"நாங்கள் ஒண்டையும் மிதிக்கேல்ல நானா," என்றேன்.

"மிதிக்கல்ல மிஸ். இத ஒருக்காத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய முட்டை போலிருந்தது.

"தாய்க்குருவி குந்துறது சூடு குடுக்க இல்ல, இந்த வெயில்ல நிழல் குடுக்கத்தான். உங்கட பட்டத்தப் பருந்து எண்டு நினைச்சிருக்கும். பருந்து நிக்கிற வரைக்கும் அது இறங்காது."

"இனிப் பொரிக்காதா?"

"ஒண்டு ரெண்டு பொரிக்கலாம். சொல்ல ஏலாது."

அவர் குரலை உயர்த்தவில்லை. திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியாமல், ஏன் எங்களை ஏசவில்லை என்று கேட்டேன்.

"ஏசினா அடுத்த முறை வேற போட்டில போவீங்க. அவங்க கம்பு நட மாட்டாங்க," என்றார்.

அன்று மாலை விடுதியில் தெரிந்தது, சிக்னல் கிடைத்ததுமே தர்ஷினி அந்தப் படத்தை இடத்தின் பெயரோடு முகநூலில் போட்டிருக்கிறாள் என்று. போடச் சொன்னது நான். திட்டில் நிற்கும்போதே சொல்லியிருந்தேன். உடனே அழித்தாள். அதற்குள் வேறு ஆட்கள் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை 7.30க்கு பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நிஸ்தாரின் படகருகே வான் வண்டியில் வந்த நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் போனை நீட்டி, இந்த இடத்துக்குத்தான் போகவேண்டும் என்றார். திரையில் நான் சறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அங்க போகாதேங்கோ," என்றேன். "பறவை முட்டையிட்டிருக்கு. நாங்கள் போய்ப் பெரிய பிழை விட்டிட்டம்."

அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்கதானே அக்கா?"

"ஓம்."

"நீங்க போகலாம், நாங்க போகக் கூடாதா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூட்டிப் போகவேண்டாம் என்று நிஸ்தாரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தேன்.

"நான் போகாட்டி இன்னொருத்தர் கூட்டிட்டுப் போவார் மிஸ். நானே போறன். இண்டைக்கு வலைக்குப் போகல்ல. இவங்க திரும்பிப் படகில ஏறுற வரைக்கும் திட்டில கூடவே நிப்பன்."

படகு புறப்பட்டது. தர்ஷினி பைகளோடு காத்திருந்த பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். கொழும்பில் எங்கள் மாடிவீட்டுக்கு வரும் மின்திருத்துநரைக்கூட நான் தனியே விட்டுவிட்டு வெளியே போனதில்லை. இந்த மனிதர் பார்த்து ஒரு மணித்தியாலமான என்னைப் பதினொரு கூடுகளோடு தனியே விட்டுப் போனார். இனி அப்படி எவரையும் விடமாட்டார்.